கிளாரினெட்டின் அடிச்சுரங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தேவாலயத் திருவிழாக்களில் பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசிக்கிறேன். ஆலன் ஹேக்கர் என்ற ஆங்கிலேயக் கலைஞர் கால்கள் முடங்கிய பிறகு இசைக்குழு நடத்துநர் ஆனார் என்று ஒருவர் சொன்னார். எங்களிடையேயும் மூச்சு தளர்ந்தவர்தான் மாஸ்டராகி முன்னால் நிற்பார். அவர் கதையும் இதுதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. அவர் வாழ்க்கையை இப்படிச் சுருக்கிவிடுகிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

1938இல் பிறந்த ஹேக்கர், இருபது வயதை ஒட்டியே லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் இடம்பிடித்தவர். 1966இல் தண்டுவடத்தில் ரத்தம் உறைந்து கால்கள் முடங்கின. அதன் பிறகு சக்கர நாற்காலிதான். விரலும் உதடும் மூச்சும் அவர் வசமே இருந்தன. மறு ஆண்டே இசையமைப்பாளர் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் அவருக்காக 'ஹிம்னோஸ்' எழுதினார். கிளாரினெட்காரரை இண்டு இடுக்கு விடாமல் சோதிக்கும் படைப்பு அது. மூச்சு தளர்ந்தவரை நம்பி யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

நீங்கள் கிளாரினெட்காரர் என்பதால் மோட்சார்ட் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மோட்சார்ட் தம் கிளாரினெட் கான்செர்ட்டோவை (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) 1791இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, கிளாரினெட் கலைஞர் அன்டோன் ஸ்டாட்லருக்காக எழுதினார். ஸ்டாட்லரிடம் இருந்தது பாசெட் கிளாரினெட்: உங்கள் வாத்தியத்தைவிட நீளமானது, அதன் கடைசிச் சுரத்துக்கும் கீழே நான்கு அரைச்சுரங்கள் இறங்கக்கூடியது. மூலப் பிரதி தொலைந்துபோனது. 1801இல் அச்சான பதிப்பு சாதாரண கிளாரினெட்டுக்கு ஏற்றபடி மாற்றப்பட்டிருந்தது. மறு ஆண்டே ஜெர்மன் இசை இதழ் ஒன்றில் மதிப்புரை எழுதியவர் அதைக் கண்டுபிடித்து, இன்னின்ன இடங்கள் என்று காட்டியும் இருந்தார். ஆனாலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் மாற்றிய வடிவத்தையே வாசித்தது.

அந்தப் பதிப்பைக் கேட்டுப்பாருங்கள். சில இடங்களில் கிளாரினெட் படிப்படியாக இறங்கி, அடியைத் தொடப்போகும் நேரத்தில் சட்டென்று ஒரு ஸ்தாயி மேலே தாவும். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டதைப் போலிருக்கும். பாசெட் கிளாரினெட்டில் அதே சொற்றொடர் ஒரே மூச்சில் கீழே போய்ச் சேர்கிறது. அந்த வாத்தியத்தை மீட்டெடுத்து மேடையில் வாசித்துக் காட்டிய முன்னோடிகளில் ஹேக்கர் ஒருவர். அதுவும் கால்கள் முடங்கிய பின் செய்த வேலைதான். என்னைக் கேட்டால், அவருடைய ஆகப் பெரிய கொடை இதுவே.

நடத்துநர் பணியும் இந்தத் தேடலிலிருந்தே கிளைத்தது. பழைய இசையை அதன் காலத்து வாத்தியங்களில் வாசிக்க 1970களில் ஒரு குழுவை அமைத்தார், யார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், பிறகு ஓபரா எனும் இசை நாடகங்களை நடத்தினார். இசையமைப்பாளர் ஜூடித் வெயரின் புதிய ஓபரா 1990இல் கிளாஸ்கோவில் முதன்முதலாக மேடையேறியபோது நடத்தியவர் அவரே. கிளாரினெட்டையும் கைவிடவில்லை. 2012இல் காலமானார்.

நம் பக்கத்திலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் வாய்ப்பாட்டும் நாதஸ்வரமும் கற்று, அந்த ஞானத்தோடு கிளாரினெட்டில் கமகங்களை வரவழைத்தவர். இருவருமே இந்த வாத்தியத்தால் முடியாது என்று மற்றவர்கள் விட்டுவிட்டதைக் கையில் எடுத்தவர்கள்.

கான்செர்ட்டோவின் மெதுவான இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். சாதாரண கிளாரினெட்டில் ஒருமுறை, பாசெட் கிளாரினெட்டில் ஒருமுறை. கேட்டபின் உங்கள் மாஸ்டரிடமும் கொடுங்கள். அவருக்கு என்ன தோன்றியது என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.