சேனல் அலுத்தால் அலமாரியை விற்க வேண்டுமா?

போர்டு கேம்களை விமர்சிக்கும் ஷட் அப் அண்ட் சிட் டவுன் என்ற யூடியூப் சேனலின் வீடியோவை முன்பு வந்த அன்றே பார்ப்பீர்கள், இப்போது பாதியிலேயே மூடிவிடுகிறீர்கள், அதனால் அலமாரியில் இருக்கும் போர்டு கேம்களையே விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

2011இல் குவின்டின் ஸ்மித்தும் பால் டீனும் சேனலைத் தொடங்கியபோது அதில் விமர்சனம் பாதி, இரண்டு நண்பர்களின் கூத்து பாதி. பின்னர் பால் டீன் விலகினார். ஸ்மித்தும் ரோல்பிளேயிங் கேம்களுக்காக (ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி ஆடுபவை) குவின்ஸ் குவெஸ்ட் என்று தனிச் சேனல் தொடங்கிவிட்டார். அந்த ஆட்களுக்காகத்தான் பார்த்தீர்கள் என்றால் ஈர்ப்பு குறையத்தான் செய்யும். அதற்கு இப்போது இருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம், நீங்களும் தேறிவிட்டீர்கள். டொமினியன் என்ற சீட்டு ஆட்டத்தில் வாங்கிய சீட்டு கழித்த குவியலுக்குப் போய், கலைத்த பிறகு கைக்கு வரும் என்பதே ஒரு காலத்தில் ஆச்சரியம். இன்று பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாலே ஆட்டம் பாதி புரிந்துவிடும். அரை மணி நேர வீடியோ எதற்கு?

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் நடக்கும் போர்டு கேம் கண்காட்சியில் ஒவ்வொரு அக்டோபரிலும் நூற்றுக்கணக்கில் புது ஆட்டங்கள் இறங்குகின்றன. அத்தனையையும் துரத்துவது யாருக்கும் அலுப்புதான் (எனக்கு ரொம்பவே).

ஒரு மாதம் எந்த விமர்சனமும் வேண்டாம். உங்களுக்கு நன்கு தெரிந்த ஆட்டம் ஒன்றை, விங்ஸ்பேனோ கட்டானோ, நாலு பேராக விளையாடுங்கள். முடிந்ததும் "இன்னொரு ரவுண்டு?" என்று நீங்களே கேட்டால் அலமாரி இருக்கட்டும், சேனல் சந்தாவை மட்டும் எடுத்துவிடுங்கள். மேசையிலும் கொட்டாவி வந்தால் விற்பதைப் பற்றிப் பேசலாம்.