பல் நலம்: கேள்வி–பதில்

ஈறு நோயில் எலும்பு கரைந்து பல் ஆடுகிறது. ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லை) உருண்டையாக்கி வைத்தால் திரும்ப வளரும் என்கிறார்களே, செல்லை அப்படியே ஊசியில் போட்டால் ஆகாதா?
– வாசகி, தஞ்சாவூர்

உதிரி செல்கள் தங்காது. வளர்ப்புத் தட்டிலிருந்து பிரிக்கப் போடும் டிரிப்சின் என்ற நொதி, செல்கள் பின்னிய புரத வலையையும் அறுத்துவிடும். பிடிமானம் போன செல் ரத்தத்தோடு கசிந்துவிடும், இல்லையென்றால் மடியும். உருண்டையிலோ செல்கள் கொலாஜன் என்ற அந்தப் புரத வலையோடு போய்ச் சேர்கின்றன. ரத்தக்குழாய் வளரத் தூண்டும் புரதங்களையும் கூடுதலாகச் சுரக்கின்றன.

எலும்பு மட்டும் வளர்ந்தால் போதாது. அது வேரோடு நேரே ஒட்டிக்கொண்டால் உடலே வேரைக் கரைக்க ஆரம்பிக்கும். வேரின் மேல் சிமெண்டம் என்ற கடினப் பூச்சு, அதற்கும் எலும்புக்கும் நடுவே பல்லைப் பிடித்திருக்கும் நார், எலும்பு, மூன்றும் வேண்டும். அந்த நாரிலேயே ஸ்டெம் செல் இருப்பது 2004-இல் தெரியவந்தது. பிடுங்கிய ஞானப்பல் வேரின் நடுப்பகுதியில்தான் சுரண்டி எடுப்பார்கள். மேலே போனால் ஈறு செல் கலந்துவிடும்.

ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தினர் வைட்டமின் சி கொடுத்துச் செல்களைக் கொலாஜன் பின்ன வைத்து, அந்தப் படலத்தைப் பிப்பெட் (திரவம் உறிஞ்சும் குழாய்) முனையால் கீறிப் பெயர்த்து, மிதக்கவிட்டு உருண்டையாகச் சுருள வைத்தார்கள். பீகிள் நாய்களில் பலன் தெரிந்தது. டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகம் பத்து நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து 2018-இல் வெளியிட்டது உருண்டை அல்ல, செல் படலம். இரண்டையும் ஒன்றாக்கி விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள்.

தொங்கு துளி முறையில் (தட்டு மூடியில் தலைகீழாகத் தொங்கும் துளிக்குள் செல்களைத் திரட்டி) உருண்டை செய்கிறேன். நடுவில் செல்கள் செத்துப்போகின்றன. ஏன்?
– பல் மருத்துவ ஆராய்ச்சி மாணவர், மதுரை

பெரும்பாலும் உருண்டை பெரிதாகிவிட்டதுதான். ஆக்ஸிஜன் மேற்பரப்பிலிருந்து 150–200 மைக்ரான் (மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரைதான் இறங்கும். குறுக்களவு 400 மைக்ரானைத் தாண்டினால் நடு சாக வாய்ப்பு அதிகம். மி.லி.க்கு 40,000 செல் வைத்து 25 மைக்ரோலிட்டர் துளி விட்டால் துளிக்கு 1,000 செல், அதில் தொடங்குங்கள். பெட்ரி தட்டின் மூடியில் துளிகளை இடைவெளி விட்டு வைத்து, தயங்காமல் ஒரே வீச்சில் திருப்புங்கள். அடித்தட்டில் உப்புக் கரைசல் ஊற்ற மறந்தால் துளி வற்றி, உப்புச் செறிவு ஏறியே செல் சாகும். இதையும் பாருங்கள். 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்ஸைடில் ஓரிரு நாளில் உருண்டை திரளும். திரளாமல் விளிம்பு பிசிறாக நின்றால், பலமுறை பிரித்து வளர்த்த பழைய செல்லாக இருக்கலாம்.

எடுக்கும்போது பிப்பெட் முனையை வெட்டி வாயை அகலமாக்குங்கள், குறுகிய முனை உருண்டையை உடைக்கும். எடுத்தவற்றை ஒரே குழியில் குவித்து வைக்காதீர்கள். ஒட்டிப் பெரிதாகி, பழைய தொல்லையே திரும்பும்.

குழந்தையின் பால்பல்லை ஸ்டெம் செல் வங்கியில் சேமிக்கலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல், தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிர வேறு எதையும் வணிக வங்கியில் சேமிக்க அனுமதிக்கவில்லை. ஈறுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று யாராவது பணம் கேட்டால், மருத்துவச் சோதனைப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிற இடத்தில் உட்காரவே வேண்டாம்.