வரப்போரத்து ஆரைக்கீரை: கேள்வி பதில்

திருவாரூர் வாசகர்: எங்கள் வயல் வரப்பில் படர்ந்திருப்பது ஆரையா, புளியாரையா என்று தெரியவில்லை.

காம்புக்கு நான்கு சிற்றிலைகள் இருந்தால் ஆரை, மூன்று இருந்தால் புளியாரை. புளியாரையை மென்றால் புளிக்கும். மஞ்சள் பூவும் பூக்கும். ஆரை பெரணி இனம் என்பதால் பூப்பதே இல்லை. சேற்றில் ஓடும் தண்டிலிருந்து மெல்லிய காம்பு எழும்பி, அதன் நுனியில் இலைகள் கூட்டல் குறிபோல விரியும். நீர் நின்றால் அவை மிதக்கும்; வற்றினால் நிமிர்ந்து நிற்கும். பொழுது சாய்ந்தபின் சிற்றிலைகள் மேல்நோக்கி மடிந்துகொள்ளும்.

மதுரை வாசகி: எப்படிச் சமைப்பது?

முற்றிய காம்பு நாராக வாயில் சிக்கும். ஆகவே இலையையும் அதை ஒட்டிய இளங்காம்பையும் மட்டும் கிள்ளுங்கள். இலையின் அடிப்புறத்தில் சேறும் நத்தை முட்டையும் ஒட்டியிருக்கும் என்பதால், உப்புத் தண்ணீரில் சற்று நேரம் ஊறவிட்டு, நீர் தெளியும்வரை அலச வேண்டும். பாசிப்பருப்பு முக்கால் பதம் வெந்ததும் கீரை, சின்ன வெங்காயம், பூண்டு சேர்த்து, சீரகமும் தேங்காயும் அரைத்து ஊற்றி இறக்கினால், எனக்குத் தெரிந்து இதைவிடச் சுவையான கூட்டு வேறில்லை. கீரை வெந்தால் வெகுவாகச் சுருங்கிவிடும், தாராளமாகப் பறியுங்கள்.

சென்னை வாசகர்: பச்சையாக அரைத்துக் குடிக்கலாமா?

வேண்டாம். தயமின் எனப்படும் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இந்த இனத்தில் உண்டு. 1861இல் ஆஸ்திரேலியாவின் கூப்பர் ஓடைக்கரையில் பர்க், வில்ஸ் என்ற பயணிகள் இருவரும், அங்குள்ள ஆரை வகையான நார்டூவின் வித்துறைகளை இடித்து உண்டும் மெலிந்து இறந்தனர். பி1 குறைபாடும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளோ அதை முறையாகப் பக்குவப்படுத்தித் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்தவர்கள். நாமும் நன்றாக வேகவைத்து, அன்றாடம் அல்லாமல் அவ்வப்போது உண்பதே சரி.

கோவை வாசகி: தூக்கம் வரவழைக்கும் என்கிறார்களே?

வங்காளத்தில் இதைச் சுஷ்னி சாக் என்று சமைத்து உண்கிறார்கள். அங்கும் அந்த நம்பிக்கை உண்டு. உணவாக உண்ணுங்கள், தூக்கமின்மை நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மதுரை வாசகி (மீண்டும்): ஊர்க்குளத்தில் ஏராளமாக இருக்கிறதே, பறிக்கலாமா?

சாக்கடை கலக்கும் குளமென்றால் தொடவே வேண்டாம்; நீரிலுள்ள கன உலோகங்களை இச்செடி உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும், அவை கழுவினாலும் போகா. நெல்வயலிலோ இது களை என்பதால், களைக்கொல்லி தெளித்தார்களா என்று உழவரிடம் கேட்டபின்பே கை வையுங்கள். கணுவுள்ள தண்டு ஒன்றைக் கொண்டுவந்து, சேறு நிரப்பிய தொட்டியில் ஊன்றி, வெயில் படும்படி வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் வீட்டிலேயே பறிக்கலாம்.