கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்: ஏதென்ஸ் செக்ரோலும் சாக்ரடீஸ் சேவலும்

கேள்வி (பகாவிலிருந்து ஒரு அம்மா): மகளோட செஜாரா (வரலாறு) பாடத்துல கிரேக்கம் வருது. ஏதென்ஸ்லதான் மக்களாட்சி பொறந்துச்சு, அது பொற்காலம்னு உருப்போடுறா. தோட்டத்துல பொறந்த எனக்கு பொற்காலம்னாலே சந்தேகம். யாருக்குப் பொற்காலம் ஐயா?

பதில்: தங்கச்சி, பெருமைய மொதல்ல சொல்லிடுறேன். பெரிக்ளீஸ்ங்கற தலைவர் காலத்துல ஏதென்ஸ் குன்று மேல பார்த்தெனன் கோயில கி.மு. 447ல ஆரம்பிச்சு 432குள்ள சிற்ப வேலையெல்லாம் முடிச்சிட்டாங்க, பதினஞ்சே வருஷம், இங்க எங்க டவுன் கோயில்ல கோபுரத்துக்கு என்ன பெயிண்ட்னு முடிவு பண்ணவே கமிட்டி ஏழு கூட்டம் போட்டுச்சு.

அதே குன்று மேல எரெக்தியோன்னு இன்னொரு கோயில் இருக்கு. கி.மு. 409லருந்து 407 வரைக்கும் அதுல நடந்த வேலைக்கான கூலிக் கணக்க கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க, உடைஞ்ச துண்டுங்க இன்னைக்கும் இருக்கு. படிச்சா அச்சு அசல் நம்ம தோட்டத்து கூலிப் பதிவேடு, செக்ரோல்தான். இன்ன தூணுல காடி எடுத்தவன் இன்னாரு, கூலி இவ்ளோ. அந்தஸ்து தெரிஞ்ச 86 பேர்ல குடிமக்கள் 24, வெளியூர்லருந்து வந்து தங்கினவங்க 42, அடிமைங்க 20. சிமியாஸ்னு ஒரு கொத்தன், அவனும் வெளியூர்க்காரன், அவனோட அடிமைங்களும் அதே தூணுல பக்கத்துல நின்னு செதுக்கியிருக்காங்க. கைவேல தெரிஞ்சவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு டிராக்மா, குடிமகனா இருந்தாலும் அடிமையா இருந்தாலும் ரேட்டு அதான். ஆனா அடிமையோட காசு மொதலாளி பைக்குப் போயிடும், அது வேற கத. எங்கப்பா முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினாரு, விடியகாலை ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக் களத்துல கிராணி (தோட்டத்து கணக்கர்) கூப்பிட்டது நம்பரத்தான், பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லைன்னு சொல்வாரு. சிண்ட்ரோன்ங்கற அடிமை பேரு 2,400 வருஷமா கல்லுல இருக்கு, ஒரு மாதிரி பொறாமையா இருக்கும்மா எனக்கு.

அந்த வெளியூர்க்காரங்க கதைதான் நமக்கு நல்லா புரியும். எத்தன தலமுற இருந்தாலும் ஓட்டு கெடையாது, நெலம் வாங்க முடியாது, ஆம்பளைக்கு வருஷம் 12 டிராக்மா வரி வேற. சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாம தங்கறவங்களோட அடையாள அட்டை) வச்சிருக்கற பாட்டிங்க யாராச்சும் உங்க லயத்துல இருந்தா கேட்டுப் பாருங்க. பெரிக்ளீஸே கி.மு. 451ல சட்டம் போட்டாரு, அம்மா அப்பா ரெண்டு பேரும் ஏதென்ஸ்காரங்களா இருந்தாதான் புள்ளைக்கு குடியுரிமைன்னு. அப்புறம் அவரே மிலேட்டஸ் ஊரு அஸ்பேசியாவோட குடும்பம் நடத்தினாரு, ஒரு பையன் பொறந்தான், இவர் சட்டப்படி அவன் குடிமகன் இல்ல. கொள்ளைநோய்ல மூத்த தாரத்துப் புள்ளைங்க ரெண்டும் போனப்புறம்தான் சபைகிட்ட கெஞ்சி இவனுக்கு குடியுரிமை வாங்கினாரு. பொம்பளைங்களுக்கு ஓட்டே இல்ல, லவ்ரியோன் வெள்ளிச் சுரங்கத்துல குனிஞ்சே வேல செஞ்ச அடிமைங்களுக்கு என்ன இருந்துச்சுன்னு கேக்கவே வேணாம். மக சரியாத்தான் படிக்கிறா, நீங்க கேட்டதையும் கூட ஒரு வரி எழுதச் சொல்லுங்க.

கேள்வி (கூலிம், மாணவி): கிரேக்க சிலைங்க எல்லாமே வெள்ளையா?

பதில்: இல்லம்மா, நம்ம கோபுரம் மாதிரி கலர் கலரா இருந்துச்சு. மழையும் வெயிலும் கழுவிடுச்சு, வெள்ளதான் அழகுன்னு பின்னால வந்தவங்க நெனச்சிக்கிட்டாங்க.

கேள்வி (தெலுக் இந்தான், ஒரு தம்பி): தோட்டத்து திருவிழாவுல விடிய விடிய கூத்து நடக்கும், ஆம்பளைங்களே பொம்பள வேஷம் கட்டுவாங்கன்னு தாத்தா சொல்வாரு. கிரேக்கத்துலயும் அப்படியாமே அண்ணே?

பதில்: அப்படியேதான். அதுவும் சாமி திருவிழாதான், டயோனிசஸ் சாமிக்கு, பங்குனி வாக்குல. சோக நாடகப் போட்டியில மூணு கவிஞருங்க, ஆளுக்கு மூணு சோக நாடகம், கடைசில சிரிப்பா ஒண்ணு. பேசற நடிகருங்க மூணே பேர், எல்லாம் ஆம்பள, முகமூடி மாத்தி மாத்தி ராணியும் அவங்களே தூதனும் அவங்களே. கோரஸுன்னு பாடி ஆடற குழுவுக்கு ஆகற செலவ ஒரு பணக்காரன் தலையில கட்டிடுவாங்க, நம்ம பாஷையில உபயம்! கி.மு. 472ல எஸ்கைலஸ் போட்ட 'பாரசீகர்' நாடகத்துக்கு உபயகாரர் யார் தெரியுமா, இளவட்ட பெரிக்ளீஸ்தான். அதுல ஆச்சரியம் என்னன்னா, சலாமிஸ் கடல் சண்டையில பாரசீகனத் தோக்கடிச்சு எட்டே வருஷந்தான் ஆச்சு, ஆனா மேடையில காட்டினது செயிச்சவன் ஆட்டம் இல்ல, தோத்தவன் அரண்மனைல ராசாவோட ஆத்தா பதறுறதும் ஊரே வச்ச ஒப்பாரியும். அத பாத்த கூட்டத்துல அந்தச் சண்டையில துடுப்பு போட்டவங்களும் இருந்திருப்பாங்க. பரிசும் அதுக்கே!

கேள்வி (சுங்கை சிப்புட், ஓய்வு பெற்ற கிராணி): மரண தண்டனை கெடச்ச கிரேக்க ஞானி சாக்ரடீஸ் தப்பிச்சு ஓட வழி இருந்தும் ஓடலையாமே, அது வீம்பு இல்லையா?

பதில்: கொஞ்சம் வீம்புந்தான் சார். கி.மு. 399, வயசு எழுபது, சுமார் ஐந்நூறு பேர் ஜூரி, முப்பது ஓட்டு மாறியிருந்தா தப்பிச்சிருப்பேன்னு அவரே சொன்னதா அவரோட சீடர் பிளேட்டோ எழுதறாரு. டெலோஸ் தீவுக்குப் போன கோயில் கப்பல் திரும்பற வரைக்கும் யாரையும் கொல்லக்கூடாதுன்னு ஐதீகம், அந்த இடைவெளியில கூட்டாளி கிரிட்டோ காசெல்லாம் ரெடி பண்ணிட்டு வந்து கூப்பிட்டான். எழுபது வருஷம் இந்த ஊர் சட்டத்துல சாப்பிட்டுட்டு இப்ப மட்டும் அத ஏமாத்துறதான்னு கேட்டு மறுத்துட்டாரு. எனக்கு அதவிட புடிச்சது கடைசி நிமிஷம். வெஷம் குடிச்சு காலு மரத்துப் போயி மேல ஏறிக்கிட்டு இருக்கு, மூஞ்ச மூடியிருந்த துணிய வெலக்கி, "கிரிட்டோ, அஸ்க்ளேபியஸுக்கு ஒரு சேவல் கடன் இருக்கு, மறக்காம குடுத்துடு"ன்னாரு. அஸ்க்ளேபியஸ் நோய் தீக்குற சாமி. எதுக்கு அந்த நேத்திக்கடன்னு இன்னும் சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க படிச்சவங்க, நம்ம முனியாண்டிக்கு சேவல் நேந்துக்கிட்டவங்களுக்கு அதெல்லாம் வெளக்கவே வேணாம். கிரிட்டோ, "சரி, செஞ்சுடறேன், வேற ஏதாச்சும் சொல்லணுமா?"ன்னு கேட்டான். பதில் வரல.