14 கணினிக்கும் ஒரே சாவி

கேள்வி: எங்கள் கந்தோரில் 14 கணினிகள். பென்ட்ரைவில் வைரஸ் வந்தாலும், கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமென்றாலும் ஒவ்வொரு மேசையாக நான்தான் நடக்கிறேன். ஓரிடத்தில் இருந்தே செய்ய வழி உண்டா?
- ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: உண்டு, சகோதரி. மற்றக் கணினிகளை ஓரிடத்தில் இருந்து ஆள சேர்வர் என்ற மையக் கணினி ஒன்று வேண்டும். அதற்கு விலை கேட்பதற்கு முன் ஒன்று பாருங்கள்: உங்களிடம் இருப்பது விண்டோஸ் ஹோமா, ப்ரோவா? செட்டிங்ஸில் சிஸ்டம், அதன் கடைசியில் அபௌட்; அங்கே எழுதியிருக்கும். ஹோம் பதிப்பை டொமைனில், அதாவது சேர்வரின் ஆளுகைக்குள் வரும் கணினிக் கூட்டத்தில், சேர்க்கவே முடியாது.

ப்ரோ என்றால் சரி. சேர்வரில் ஆக்டிவ் டிரெக்டரியை (கணினிகள், பயனர் கணக்குகளின் பொதுப் பதிவேடு) நிறுவி 14 கணினிகளையும் அதன் டொமைனில் சேர்த்துவிட்டால், எல்லாக் கணினிக்கும் ஓரிடத்தில் இருந்தே விதி போடும் குரூப் பொலிசி உங்கள் கைக்கு வந்துவிடும். விண்டோஸ் 2000 காலத்தில் இருந்தே உள்ள வசதிதான். சேர்வரில் நீங்கள் எழுதிவைக்கும் விதியை ஒவ்வொரு கணினியும் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒரு தடவை தானே வந்து எடுத்துக்கொள்ளும்.

இந்த இடைவெளிதான் என்னை ஒரு நாள் படுத்தி எடுத்தது. கல்முனையில் ஒரு கந்தோர். பென்ட்ரைவைத் தடுக்கும் விதியை எடுத்த எடுப்பில் டொமைன் முழுவதற்கும் போட்டுவிட்டேன். மாதக் கடைசி. சம்பளக் கோப்பை வங்கிக்குக் கொண்டுபோக வேண்டிய கணக்காளர் அக்கா பென்ட்ரைவைச் செருகினால், அனுமதி இல்லை என்கிறது திரை. வங்கி மூட அரை மணித்தியாலம்தான் இருந்தது. சேர்வரில் விதியை எடுத்துவிட்டேன், அவருடைய கணினிக்கு அது தெரியவில்லை. மேசைக்கு ஓடிப்போய், சேர்வரின் விதிகளை உடனே எடுக்கச் சொல்லும் ஜிபிஅப்டேட் கட்டளையை அடித்து, கணினியை மூடித் திறந்த பிறகுதான் வழிவிட்டது. பென்ட்ரைவைக் கையில் பிடித்தபடி அவர் நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே கணக்கு, கவுண்டர், முகாமையாளர் என்று டொமைனுக்குள் உட்பிரிவுகளை (இவற்றுக்கு ஓயு என்று பெயர்) அமைக்கும்போதே 'சோதனை' என்றும் ஒன்றை அமையுங்கள். அதில் உங்கள் கணினி மட்டும் இருக்கட்டும். எந்தப் புது விதியும் அங்கே இரண்டு நாள் ஓடிய பிறகே மற்றவர்களிடம் போக வேண்டும். பென்ட்ரைவ் உண்மையிலேயே தேவைப்படுகிறவர் யார் என்று அதற்குள் கேட்டு வையுங்கள்.

கடவுச்சொல்லின் நீளம், எத்தனை நாளில் மாற்றுவது போன்றவற்றை ஓயுவில் போட்டால் டொமைன் கணக்குகளில் பலிக்காது; டொமைன் மட்டத்தில்தான் போட வேண்டும். எந்த விதி எந்தக் கணினியில் விழுந்திருக்கிறது என்று பார்க்க ஜிபிரிசல்ட் கட்டளை இருக்கிறது. அப்புறம், அன்றாட வேலைக்கு அட்மின் கணக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள், முகாமையாளரே கேட்டாலும். வைரஸுக்குப் பாதி வழி அங்கேதான் திறக்கிறது.

மாரியில் கரண்ட் போய் சேர்வர் நின்றாலும் பயப்பட வேண்டாம். ஒரு கணினியில் கடைசியாக நுழைந்த 10 பேரை அந்த விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும்; அவர்கள் வழக்கம்போல உள்ளே போகலாம். சேர்வரில் உள்ள கோப்புகள்தான் கிடைக்காது. அதனால் சேர்வருக்கு யூபிஎஸ்ஸையும் பேக்கப்பையும் முதல் நாளே வையுங்கள்.