ஐஎஸ்ஓ ஃபைலை காப்பி செய்தால் போதாதா?

கேள்வி: விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு செய்து 16 ஜிபி பென் டிரைவில் காப்பி செய்தேன். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ்தான் வருகிறது. பென் டிரைவ் கெட்டுவிட்டதா?

பதில்: பென் டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது. 8 ஜிபியே போதும், உங்களிடம் இரட்டிப்பாக இருக்கிறது. ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கை ஒரே ஃபைலாகக் கட்டி வைத்த பார்சல். கணினி ஆன் ஆனதும் யூஈஎஃப்ஐ என்கிற உள் மென்பொருள், பென் டிரைவில் ஈஎஃப்ஐ ஃபோல்டர், அதற்குள் பூட் ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற ஃபைல் இருக்கிறதா என்று தேடும். பார்சலைப் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டி ஹார்டு டிஸ்க்குக்குப் போய்விடுகிறது.

சரி, நாமே பிரித்துப் போட்டால்? அங்கே வேறு சிக்கல். எல்லா யூஈஎஃப்ஐயும் கட்டாயம் படிக்கக்கூடியது ஃபேட்32 ஃபார்மேட். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை வைக்க முடியாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவில் உள்ள இன்ஸ்டால்.விம் (விண்டோஸ் முழுவதும் அடங்கிய பெரிய ஃபைல்) பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். பாதி காப்பியில் பிழை காட்டி நிற்பது இதனால்தான்.

ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் இதற்கு வழி வைத்திருக்கிறது. பெரிய ஃபைல்களை, அந்த 4 ஜிபி தடை இல்லாத என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் பகுதியில் வைத்து, அதை யூஈஎஃப்ஐ படிப்பதற்கான டிரைவர் மென்பொருளை ஒரு குட்டிப் பகுதியில் சேர்த்துவிடும். பார்ட்டிஷன் ஸ்கீமில் (டிரைவைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை) ஜிபிடி, டார்கெட்டில் யூஈஎஃப்ஐ என்று வையுங்கள். இன்னொரு முறையான எம்பிஆர், யூஈஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் உள்ள பழைய கணினிகளுக்கானது. விண்டோஸ் 11-க்கு எப்படியும் யூஈஎஃப்ஐ வேண்டும். ஸ்டார்ட் அழுத்துவதற்கு முன், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஏதாவது செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். தேர்ந்தெடுத்த டிரைவில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். இதில் அவசரம் கூடாது.

விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் இருக்கிறதா என்ற சோதனையை நீக்கும் டிக் பாக்ஸும் ரூஃபஸில் வரும். லேப்டாப்பில் டிபிஎம் 2.0 இருந்தால் அதைத் தொடாதீர்கள். இல்லாத கணினியில் அப்படி இன்ஸ்டால் செய்தால், அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

லினக்ஸ் போடுபவர்களுக்கு வேலை சுலபம். உபுண்டு மாதிரியானவற்றின் ஐஎஸ்ஓவை எட்சர் என்ற இலவச மென்பொருள் கொண்டு அப்படியே எழுதிவிடலாம். பிறகு பென் டிரைவைச் செருகும்போது 'ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குப் புரியாத ஃபார்மேட், அவ்வளவுதான்.

இனி பூட் செய்வது, அதாவது பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்புவது. ஆன் செய்ததும் தட்ட வேண்டிய கீ டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. கீயைத் தட்டித் தோற்பதை விட, ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட்டை கிளிக் செய்து, 'யூஸ் எ டிவைஸ்' வழியாகப் பென் டிரைவைத் தேர்ந்தெடுப்பது எளிது. முக்கியமான ஃபைல்களை முதலில் வேறெங்காவது எடுத்து வையுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால் ரெக்கவரி கீயையும் குறித்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பை மாற்றினால் அதைக் கேட்கும்.

அப்புறம், இன்ஸ்டால் திரையில் டிஸ்க்கே தெரியாமல் போனால் பயப்படாதீர்கள். சில இன்டெல் லேப்டாப்களில் இப்படி நடக்கும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ஆர்எஸ்டி (டிஸ்க்கைக் கையாளும் மென்பொருள்) டிரைவரை எடுத்து, பிரித்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டு, 'லோட் டிரைவர்' மூலம் காட்டினால் டிஸ்க் தெரியும்.