ப்ரூ புது நோட் போட்டுச்சுன்னு சொல்லுது, ஆனா நோட் -வி அடிச்சா பழைய 14 தான் வருது, ஏன்?

தம்பி, நீ கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்டது இதான்: பழைய இன்டெல் மேக்ல இருந்து மைக்ரேஷன் அசிஸ்டன்ட் வச்சு எல்லாத்தையும் எம்2 மேக்புக்குக்கு அள்ளிட்டு வந்துட்ட, ஹோம்ப்ரூ (மேக்ல சாஃப்ட்வேர் இறக்கிப் போட்டுக் குடுக்கிற டூல், கமாண்ட் பேரு ப்ரூ) புதுசா போட்ட, நோட்டுக்காக (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற நோட்.ஜேஎஸ்) ப்ரூ இன்ஸ்டால் நோட் அடிச்சா சத்தமில்லாம முடியுது, ஆனா வெர்ஷன் கேட்டா பழைய 14, ப்ரூவை மூணு தடவை அழிச்சு போட்டும் அதே கதை. (கமாண்டெல்லாம் நான் தமிழ்ல எழுதுறேன், நீ அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்க லா.)

மொதல்ல நாலாவது தடவை அழிக்காத. ப்ரூ அது வேலைய ஒழுங்கா பண்ணிடுச்சு. நோட்னு நீ அடிச்சா அதைத் தேடிப் போறது ப்ரூ இல்ல, ஷெல், அதாவது டெர்மினல்ல நீ அடிக்கிற கமாண்டை வாங்கி ஓட்டுற ப்ரோக்ராம். ஷெல்லு கையில பாத்னு ஒரு லிஸ்ட் இருக்கும், இடது பக்கத்துல இருந்து ஒவ்வொரு ஃபோல்டரா எட்டிப் பார்க்கும், முதல்ல எதுல நோட் கிடைக்குதோ அதோட நின்னுடும், அடுத்த ஃபோல்டர்ல இதைவிட நல்லது இருக்கான்னு பார்க்கவே பார்க்காது. இங்க பினாங்குல ஒரு ரோட்டு போர்டுல ஜாலான் மஸ்ஜிட் நெகிரின்னு இருந்தாலும் நாம கிரீன் லேன்னுதான் சொல்றோம், ஆளும் கரெக்டா வந்து சேர்ந்துடுறாங்க. ஷெல்லுக்கு அந்த தாராளமெல்லாம் கிடையாது, லிஸ்ட்ல இருக்கிற வரிசைதான் அதுக்கு.

இப்ப இதை அடி: விச் -ஏ நோட். அந்த -ஏ முக்கியம், அது இல்லாட்டி முதல்ல கிடைச்சதை மட்டும் காட்டிட்டு போயிடும். உனக்கு ரெண்டு வரி வரும்னு நினைக்கிறேன், மேல /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/நோட், கீழ /ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின்/நோட். மேல இருக்கிறது நீ அப்ப நோட் சைட்ல இருந்து இறக்கின பிகேஜி ஃபைல் போட்டுட்டு போனது, மைக்ரேஷன்ல அதுவும் கூடவே வந்துடுச்சு, இன்டெல்லுக்கு செஞ்சதா இருந்தாலும் ரொசெட்டா (இன்டெல் ப்ரோக்ராமை புது சிப்ல ஓட வைக்கிற ஆப்பிள் சாஃப்ட்வேர்) புண்ணியத்துல ஓடுது, அதான் எர்ரர்கூட வரல. இன்டெல் மேக்ல ப்ரூவும் /யூஎஸ்ஆர்/லோக்கல்லதான் உட்கார்ந்திருந்துச்சு, அந்த பின் ஃபோல்டர் மேக்ல பொறக்கும்போதே பாத்ல இருக்கும், அதனால யாரும் இதைப் பத்தி யோசிச்சதில்ல. ஆப்பிள் சிலிக்கன்ல (எம்1, எம்2 மாதிரி ஆப்பிளோட சொந்த சிப்) ப்ரூ /ஆப்ட்/ஹோம்ப்ரூவுக்கு வீடு மாறிடுச்சு, அது பாத்ல தானா வராது. ப்ரூ இன்ஸ்டால் முடிஞ்சதும் நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்னு ஒண்ணு காட்டும், யாருமே படிக்காத பகுதி, அதுலதான் இது இருக்கு.

நீ ஒட்டின .ஸெட்எஸ்ஹெச்ஆர்சி ஃபைலை (ஷெல்லு திறக்கும்போது படிக்கிற செட்டிங்ஸ் ஃபைல்) பார்த்தேன், எக்ஸ்போர்ட் பாத்="$பாத்:/ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின்"னு போட்டிருக்க. வரி தப்பில்ல, வரிசை தப்பு. ஹோம்ப்ரூவை வால்ல கட்டிட்ட, ஷெல்லு அது வரைக்கும் போறதே இல்ல. அதை அழிச்சுட்டு .ஸெட்ப்ரொஃபைல்ல இந்த ஒரு வரி போடு:

ஈவால் "$(/ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின்/ப்ரூ ஷெல்என்வ்)"

இது ஹோம்ப்ரூவை முன்னாடி கொண்டு வந்து நிறுத்தும். இதை .ஸெட்எஸ்ஹெச்என்வ்ல போடாத, அது ரொம்ப சீக்கிரம் ஓடிடும், அதுக்கப்புறம் ஆப்பிளோட பாத்_ஹெல்பர் வந்து சிஸ்டம் ஃபோல்டரை எல்லாம் முன்னாடி தள்ளி உன்னை மறுபடி கடைசிக்கு அனுப்பிடும். இன்னொண்ணு, எக்கோ $ஷெல் அடிச்சுப் பாரு. 2019ல கேட்டலினா வந்தப்பதான் மேக்ல ஸெட்ஷெல்ங்கிற ஷெல்லு டிஃபால்ட் ஆச்சு, அதுக்கு முன்னாடி உருவாக்கின அக்கவுண்ட்டை அப்படியே தூக்கிட்டு வந்திருந்தா நீ இன்னும் பழைய ஷெல்லான பேஷ்லயே இருக்க வாய்ப்பிருக்கு, அப்ப இந்த வரி .பேஷ்_ப்ரொஃபைலுக்குத்தான் போகணும்.

இதுல கைய சுட்டுக்கிட்டவன் நான், அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன். 2021ல, பாயான் லெப்பாஸ் ஆபீஸ்ல முதல் எம்1 கையில கிடைச்ச வாரம், இதே பிரச்சனை, ராத்திரி பத்து மணி, தப்பாவ் பண்ணின மீ கோரெங் பக்கத்துல ஆறிப்போய் கெடக்கு, நான் கோபத்துல எக்ஸ்போர்ட் பாத்=/ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின்னு எழுதி சேவ் பண்ணிட்டேன், பின்னாடி $பாத் போடவே இல்ல. புது டெர்மினல் திறந்தா எல்எஸ் அடிச்சா கமாண்ட் நாட் ஃபவுண்ட். சரி ஃபைலைத் திருத்தலாம்னு நேனோ அடிச்சா அதுவும் நாட் ஃபவுண்ட். சிடி மட்டும் வேலை செய்யுது, ஏன்னா அது ஷெல்லுக்குள்ளயே இருக்கிறது. மெஷினே போச்சுன்னு நினைச்சுட்டேன். பக்கத்து டீம் அக்கா ஒருத்தங்க போன்ல சிரிச்சுக்கிட்டே, "முழு அட்ரஸையும் குடுடா"ன்னாங்க. /யூஎஸ்ஆர்/பின்/நேனோன்னு முழுசா அடிச்சா சமத்தா திறந்துச்சு. உனக்கு அப்படி ஆச்சுன்னா இன்னொரு வழியும் இருக்கு, எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின் னு அடிச்சா அந்த விண்டோ மட்டும் உயிரோட வரும், திருத்திக்கலாம்.

மாத்தின பிறகும் பழைய 14 வந்தா பயப்படாத. ஷெல்லு முன்னாடி கண்டுபிடிச்ச இடத்தை ஞாபகம் வச்சிருக்கும், ஸெட்ஷெல்னா ரீஹாஷ் அடி, இல்ல டெர்மினலை மூடித் திற. அதுக்கும் அசையலன்னா யூநேம் -எம் பாரு, ஆர்ம்64 வரணும். எக்ஸ்86_64னு வந்தா உன் டெர்மினலே ரொசெட்டாவுக்குள்ள ஓடுது, அது வேற கேஸ்.

நோட்@20 மாதிரி நம்பர் போட்டு இன்ஸ்டால் பண்றவங்களுக்கு மட்டும்: அது கெக்-ஒன்லி, ப்ரூ அதை பின் ஃபோல்டர்ல லிங்க் பண்ணாது, அதனால பாத் சரியா இருந்தாலும் கிடைக்காது. ப்ரூ இன்ஃபோ நோட்@20 அடிச்சா கடைசியில எந்த வரியைச் சேர்க்கணும்னு அதுவே சொல்லும்.

பழைய நோட்டை அழிக்கணும்னா அழி, ஆனா அதுக்கு முன்னாடி /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/நோட்_மாட்யூல்ஸ் உள்ள என்னென்ன இருக்குன்னு எல்எஸ் போட்டு ஒரு காப்பி எடுத்து வச்சுக்க, அப்ப குளோபலா போட்டதெல்லாம் புது நோட்டுக்குத் தெரியாது, ஒண்ணொண்ணா திரும்ப போடணும். அப்புறம் பின் ஃபோல்டர்ல நோட், என்பிஎம், என்பிஎக்ஸ், இதோட அந்த மாட்யூல்ஸ் ஃபோல்டர், இதுதான் முக்கியம். யாராச்சும் /யூஎஸ்ஆர்/லோக்கலை மொத்தமா ஆர்எம் பண்ணுன்னு சொன்னா கேக்காத, அங்க வேற ஆப் போட்டுட்டு போனதும் இருக்கும்.

விச் -ஏ அடிச்சப்போ மூணாவதா ஒரு வரி வந்துச்சுன்னா அதை அப்படியே கீழ ஒட்டு, என்விஎம் (நோட் வெர்ஷனை மாத்தி மாத்தி வச்சுக்கிற டூல்) எதாச்சும் உள்ள ஒளிஞ்சிருக்கும், பார்த்துச் சொல்றேன்.